கொக்குக்குத் தட்டில் பால்: வேலையிடப் பாகுபாட்டைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

"எங்கள் கம்பெனியில் பாகுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லோருக்கும் ஒரே ரூல்தான்." மேலாளர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பொய்யாகச் சொல்வதும் இல்லை, பெரும்பாலும் நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்களைப் புரிந்துகொள்ள நினைப்பவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பேச்சைத்தான்.

நரியும் கொக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். நரி கொக்கை விருந்துக்குக் கூப்பிட்டு, தட்டையான தட்டில் பாலை ஊற்றி வைத்தது. நரி நக்கிக் குடித்துவிட்டது. நீண்ட அலகை வைத்துக்கொண்டு கொக்கு என்ன செய்யும்? இரண்டு பேருக்கும் ஒரே தட்டு, ஒரே பால். ரூலில் ஒரு குறையும் இல்லை. ஒருவர் வயிறு மட்டும் காலி.

இந்தக் கதையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-ல் ஒரு தீர்ப்பிலேயே எடுத்துச் சொன்னது. 'கிரிக்ஸ் எதிர் டியூக் பவர்' என்ற வழக்கு அது. இந்தத் துறையில் யாரிடம் பேசினாலும் பேச்சு எப்படியோ இங்கே வந்து சேரும், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வட கரோலினாவில் ஓர் அனல் மின்நிலையம். அங்கே ஐந்து பிரிவுகள். கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலி வேலைப் பிரிவில் மட்டும்தான் இடம். அந்தப் பிரிவில் அதிகச் சம்பளம் வாங்கியவர்கூட, மற்ற பிரிவுகளில் மிகக் குறைவாக வாங்கியவரைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. வேலை தொடர்பான பகுதி 1965 ஜூலை 2-ம் தேதி அமலுக்கு வந்தது. இனி நிறத்தைச் சொல்லி யாரையும் ஒதுக்க முடியாது. நிறுவனமும் நிறத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. நல்ல பிரிவுக்குப் போக உயர்நிலைப் பள்ளி முடித்த சான்றிதழ் வேண்டும் என்றது. சட்டம் அமலான அதே நாளில், புதிதாகச் சேருபவர்களுக்கு இரண்டு எழுத்துத் தேர்வுகளையும் சேர்த்தது.

கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். படித்தவரை எடுக்கிறோம், இதில் என்ன தப்பு? ஆனால் அந்த மாநிலத்தில் 1960 கணக்கெடுப்பின்படி வெள்ளையின ஆண்களில் 34 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளி முடித்திருந்தார்கள். கறுப்பின ஆண்களில் 12 சதவீதம் பேர்தான். தலைமுறை தலைமுறையாக மட்டமான பள்ளிகளில் படிக்கவைத்துவிட்டு, சான்றிதழ் எங்கே என்று கேட்டால் எங்கிருந்து வரும்? இதைவிடச் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ரூல் வருவதற்கு முன் சேர்ந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளையினத் தொழிலாளர்கள் அதே நல்ல பிரிவுகளில் நன்றாகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதாவது, அந்த வேலைக்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை.

நிறுவனத்துக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா? பள்ளிப்படிப்பை முடிக்க விரும்பும் தொழிலாளர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு கட்டணத்தை அதுவே கொடுத்தது. நீதிமன்றம் அதையும் குறித்துக்கொண்டது. குறித்துக்கொண்டு, எண்ணம் நல்லதாக இருந்தாலும் பரவாயில்லை, சட்டம் பார்ப்பது விளைவை என்று சொல்லிவிட்டது. பாலை வைக்கும் பாத்திரம், வருகிறவர்கள் எல்லோரும் குடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கொக்குக் கதையை வைத்தே சொன்னது.

நேராக ஒன்று, சுற்றி வளைத்து ஒன்று

இங்கிருந்து இரண்டு சொற்களைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். "பெண்களை எடுக்க மாட்டோம்" என்றால் அது நேரடிப் பாகுபாடு. எல்லோருக்கும் பொதுவான ஒரு ரூல், நடைமுறையில் ஒரு தரப்பை மட்டும் அதிகமாக வெளியே தள்ளினால், அந்த ரூல் வேலைக்கு உண்மையில் தேவைப்படாமலும் இருந்தால், அது மறைமுகப் பாகுபாடு.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1958-லேயே, தன் 111-ம் ஒப்பந்தத்தில், பாகுபாட்டுக்கு விளக்கம் எழுதியபோது 'விளைவு' என்ற சொல்லைப் போட்டுத்தான் எழுதியது. இனம், நிறம், பால், மதம், அரசியல் கருத்து, தேசிய அல்லது சமூகப் பின்னணி ஆகியவற்றை வைத்துச் செய்யும் வேறுபாடு, சம வாய்ப்பைக் கெடுக்கும் விளைவைத் தந்தால் அது பாகுபாடு. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: அந்த வேலையின் இயல்பே கேட்கும் தகுதியைக் கேட்பது பாகுபாடு ஆகாது.

இந்த விலக்கில்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது. ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "டிரைவிங் லைசென்ஸ் கட்டாயம்." பார்சல் டெலிவரி வேலை என்றால் யாரும் கேள்வி கேட்க முடியாது. அதே வரி, நாள் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலைக்கான விளம்பரத்தில் வந்தால்? பார்வைக் குறைபாடு உள்ளவர், வலிப்பு நோய் உள்ளவர் எல்லாம் விண்ணப்பம் போடும் முன்பே வெளியே. எழுதியவர் அவர்களை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். பழைய விளம்பரத்திலிருந்து காப்பி பேஸ்ட் செய்திருப்பார். சட்டத்துக்கு அந்தக் கதை தேவையில்லை. இந்த வேலையில் எங்கே வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது என்றுதான் கேட்கும்.

கனடாவில் நடந்த ஒரு வழக்கில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் ஒரு பெண் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. அரசு புதிதாக உடற்தகுதித் தேர்வைக் கொண்டு வந்தது. அதில் ஒரு பகுதி, 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். நான்கு முறை முயன்றார். அவருடைய சிறந்த ஓட்டமே 49.4 விநாடி அதிகம் ஆனது. வேலை போய்விட்டது.

தீயணைப்பு வேலைக்கு உடல் வலு வேண்டாமா என்று நமக்கும் தோன்றும். வேண்டும்தான். ஆனால் அந்த 11 நிமிடம் எங்கிருந்து வந்தது? ஆண்களில் 65 முதல் 70 சதவீதம் பேர் தேறிய தேர்வில் பெண்களில் 35 சதவீதம் பேர்தான் தேறினார்கள். அந்த அளவு மூச்சுத்திறன் இருந்தால்தான் தீயணைக்க முடியும் என்று காட்ட அரசிடம் நம்பகமான சான்று எதுவும் இல்லை. 1999-ல் கனடா உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. பெண்களுக்குச் சலுகை கொடுத்த தீர்ப்பு என்று இதைச் சிலர் சுருக்கிச் சொல்வதுண்டு, எனக்கு அது சரியாகப் படவில்லை. நீதிமன்றம் கேட்டது, அளவுகோலுக்கு ஆதாரம் எங்கே என்பதுதான்.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2021-ல், ராணுவத்தில் நிரந்தரப் பணி கேட்ட பெண் அதிகாரிகளின் வழக்கில், மறைமுகப் பாகுபாடு என்ற கருத்தை விரிவாக எடுத்துப் பேசியது. ஆண் அதிகாரிகளின் உடற்தகுதியை அவர்களுடைய ஐந்தாம் அல்லது பத்தாம் பணி ஆண்டில், இளம் வயதில் பார்த்தார்கள். பெண்களுக்கு அந்த வாய்ப்பே தாமதமாகத்தான் கிடைத்தது. அதனால் அதே அளவுகோலை நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவர்கள்மீது வைத்தார்கள். ஒரே தட்டு, ஒரே பால்.

எது பாகுபாடு ஆகாது

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். நமக்கு நடந்த அநியாயம் எல்லாம் சட்டத்தின் பார்வையில் பாகுபாடு இல்லை. மேலாளர் எரிந்து விழுகிறவர், எல்லோர் மேலும் ஒரே மாதிரி எரிந்து விழுகிறார் என்றால் அது மோசமான நிர்வாகம், அவ்வளவுதான். தனக்குப் பிடித்தவருக்கு நல்ல ஷிஃப்ட் போட்டுக் கொடுக்கிறார் என்றால் எரிச்சல் வரும், ஆனால் அது மட்டுமே வழக்கு ஆகாது. அந்தப் பிடித்தவர்கள் எல்லாம் எப்போதும் ஒரே மதம், ஒரே பாலினம், ஒரே வயது என்று தெரிய ஆரம்பிக்கும்போதுதான் சட்டம் நிமிர்ந்து உட்காரும்.

ஏனென்றால் ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட அடையாளங்கள் என்று அதைச் சொல்லலாம். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் ஒன்பது இருக்கின்றன: வயது, மாற்றுத்திறன், பாலின மாற்றம், திருமணம், கர்ப்பமும் மகப்பேறும், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பால், பாலியல் நாட்டம். அமெரிக்காவில் வயதுக்குத் தனிச் சட்டம், 1967-ல் வந்தது. ஆனால் அது 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான். "நீ சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்" என்று 25 வயதுக்காரரை ஒதுக்கினால் அந்தச் சட்டம் உதவாது. நிறுவனத்தின் அளவும் கணக்கில் வரும். அமெரிக்க சிவில் உரிமைச் சட்டத்தின் வேலைப் பகுதி 15 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்குத்தான். ஆக, புகாருக்குப் போகும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும்: என் அடையாளம் என் நாட்டுப் பட்டியலில் இருக்கிறதா, என் நிறுவனம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறதா.

சில சமயம் அடையாளம் நம்முடையதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. லண்டனில் ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு தாய்க்கு மாற்றுத்திறனுள்ள குழந்தை. அந்தக் குழந்தையைக் கவனிப்பதை வைத்தே தன்னை மட்டமாக நடத்தினார்கள் என்பது அவருடைய புகார். மாற்றுத்திறன் அவருக்கு இல்லையே என்ற வாதத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2008-ல் ஏற்கவில்லை. இன்னொருவரின் மாற்றுத்திறனைக் காரணம் காட்டி ஒருவரை மோசமாக நடத்துவதும் பாகுபாடுதான் என்றது.

நேரடிப் பாகுபாடு ஒரு காலத்தில் பணி விதியிலேயே அச்சாகி இருந்தது. ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும், அதற்கு முன்பே சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தாலோ, முதல்முறை கர்ப்பமானாலோ வேலை போகும் என்று விதி இருந்தது. 1981-ல் இந்திய உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைக் கடுமையான சொற்களில் கண்டித்து ரத்து செய்தது. நான்கு ஆண்டுத் திருமணத் தடையை மட்டும் நியாயம் என்று விட்டுவிட்டது. இன்று படித்தால் அந்தப் பகுதி நெருடத்தான் செய்கிறது. இப்போதெல்லாம் யாரும் இப்படி எழுதி மாட்டிக்கொள்வதில்லை. "டீமுக்கு செட் ஆக மாட்டார்", "நம்ம வேகத்துக்கு வர மாட்டார்", "கல்யாணம் எப்போது பண்ணுவதாக இருக்கிறீர்கள்?" என்று வாய்ப்பேச்சாகத்தான் வருகிறது.

ஒரே மாதிரி நடத்தினால் போதாது என்கிற இடம்

மாற்றுத்திறன் விஷயத்தில் சட்டம் ஒரு படி மேலே போகிறது. ஒதுக்காதே என்பதோடு நிறுத்தாமல், வேண்டியதைச் செய்து கொடு என்கிறது. அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டம், ஐக்கிய நாடுகள் சபையின் 2006 உடன்படிக்கை, இந்தியாவின் 2016 சட்டம் மூன்றிலும் இந்தக் கருத்து உண்டு. நியாயமான வசதி செய்து கொடுப்பது என்பார்கள். பார்வையற்றவருக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர், டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு ஷிஃப்ட் மாற்றம், காது கேளாதவர் இருக்கும் மீட்டிங்கில் சப்டைட்டில். பெரும்பாலானவை கேட்டதும் கொடுத்துவிடக்கூடிய சின்ன விஷயங்கள்.

எல்லை இல்லாமல் இல்லை. நிறுவனத்தால் தாங்க முடியாத சுமை என்றால் மறுக்கலாம். ஆனால் ஆயிரம் பேர் வேலை பார்க்கும் இடத்துக்குச் சுமை ஆகாத ஒன்று, ஐந்து பேர் இருக்கும் இடத்துக்குச் சுமை ஆகலாம். அதனால் "முடியாது" என்ற ஒற்றைச் சொல் பதில் ஆகாது. ஏன் முடியாது, வேறு எது முடியும் என்று உட்கார்ந்து பேச வேண்டும். இந்தப் பேச்சே நடக்காமல் கைவிரித்த நிறுவனங்கள்தான் நீதிமன்றத்தில் திணறும்.

பாலியல் தொந்தரவும், அடையாளத்தை வைத்துக் கேலி செய்து வேலை செய்யவே முடியாதபடி ஆக்குவதும் பாகுபாட்டின் கணக்கில்தான் வருகின்றன. "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்ற சப்பைக்கட்டு இங்கேயும் எடுபடாது. பிரிட்டன் சட்டம் நோக்கம் அல்லது விளைவு, இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்கிறது. இந்தியாவில் பாலியல் தொந்தரவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பு வழிகாட்டு விதிகளைத் தந்தது, 2013-ல் சட்டம் வந்தது. 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியரிடம் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும்.

மனதுக்குள் இருப்பதை எப்படி நிரூபிப்பது?

யாரும் "உன் சாதிக்காகத்தான் பிரமோஷன் கொடுக்கவில்லை" என்று கடிதம் கொடுப்பதில்லை. அதனால் பல நாடுகளில் நீதிமன்றங்கள் பந்தைக் கைமாற்றுகின்றன. அமெரிக்காவில் 1973-ல் உருவான முறை இப்படிப் போகும். எனக்குத் தகுதி இருந்தது, விண்ணப்பித்தேன், மறுத்தார்கள், இடத்தைக் காலியாக வைத்து வேறு ஆள் தேடினார்கள் என்று ஊழியர் காட்டினால் முதல் படி முடிந்தது. இப்போது நிறுவனம் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் வெறும் சாக்கு என்று ஊழியர் காட்ட முடிந்தால் வழக்கு நிற்கும்.

சாக்கு எப்படி வெளுக்கும்? காரணம் அடிக்கடி மாறும். ஹெச்.ஆர். சொன்னது ஒன்று, மின்னஞ்சலில் வந்தது ஒன்று, விசாரணையில் சொல்வது இன்னொன்று. ஐந்து வருடம் நல்ல அப்ரைசல் வாங்கியவர், கர்ப்பம் என்று சொன்ன மறு மாதம் திடீரென்று 'செயல்திறன் போதாது' ஆகிவிடுவார். அல்லது, அதே தவறைச் செய்த இன்னொருவருக்கு வெறும் எச்சரிக்கை, இவருக்கு மட்டும் சஸ்பென்ஷன்.

இதைக் காட்ட வேண்டுமென்றால் எழுதி வைத்திருக்க வேண்டும். "என்னை எப்போதும் மட்டம் தட்டுகிறார்" என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுத வேண்டும்: "மார்ச் 4, செவ்வாய், காலை 11.20, இரண்டாம் மாடி மீட்டிங் ரூம். டீம் லீடர் சொன்னது: 'குழந்தை வேறு இருக்கிறது, இந்த கிளையன்ட் உனக்கு வேண்டாம்.' கூட இருந்தவர்கள் இரண்டு பேர்." பக்கத்தில் அவர்கள் பெயர். அன்று மாலையே அவருக்கு ஒரு சாதாரண மின்னஞ்சல்: "காலையில் பேசியபடி, இந்த கிளையன்ட் பொறுப்பு எனக்கு இல்லை என்று புரிந்துகொள்கிறேன். காரணத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்." அவர் பதில் போட்டாலும் சான்று, போடாவிட்டாலும் சான்று. ஒன்று மட்டும் கவனம்: ஆத்திரத்தில் கம்பெனியின் ரகசியக் கோப்புகளை எல்லாம் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ள வேண்டாம். அதையே காரணமாக்கி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களே என்ற பயம் சும்மா வருவதில்லை. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு வரும் புகார்களில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது இனமும் இல்லை, பாலினமும் இல்லை, பழிவாங்கல்தான். புகாருக்குப் பின் வரும் ட்ரான்ஸ்ஃபர், திடீர் மெமோ, நிறுத்திவைத்த இன்க்ரிமென்ட் எல்லாம் இதில் அடங்கும். நிறுவனங்கள் பலவும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகின்றன. முதல் புகார் நிரூபணம் ஆகாமலே போகலாம். ஆனால் அது நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் என்றால், அதற்காகப் பழிவாங்கியது தனிக் குற்றச்சாட்டாக நிற்கும்.

அப்புறம் காலக்கெடு. சட்டத்தில் சலிப்பூட்டும் பகுதி இது, ஆனால் நல்ல வழக்குகள் பலவும் சாவது இங்கேதான். பாலியல் தொந்தரவுக்கு எதிரான இந்தியாவின் 2013 சட்டத்தில் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். அமெரிக்காவில் 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். வக்கீலையோ தொழிற்சங்கத்தையோ பார்க்கப் போகிறவர் கடைசித் தேதி எது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

லில்லி லெட்பெட்டர் 1979-ல் அலபாமாவில் ஒரு டயர் தொழிற்சாலையில் சேர்ந்தார். பணியின் கடைசிக் காலத்தில் யாரோ ஒருவர் பெயர் போடாமல் ஒரு துண்டுச்சீட்டை அவருக்கு வைத்துவிட்டுப் போனார். அதில் அவருடைய சம்பளமும், அதே வேலை பார்த்த ஆண்களின் சம்பளமும் இருந்தன. 1997 இறுதியில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286, அதிகம் வாங்கியவருக்கு 5,236. ஜூரி அவர் பக்கம் நின்றது. 2007-ல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், சம்பளத்தைக் குறைத்து முடிவு செய்தது பல வருடத்துக்கு முன்பு, 180 நாள் எப்போதோ தாண்டிவிட்டது என்று தள்ளியது. தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவர் எப்படி 180 நாளுக்குள் புகார் கொடுப்பார் என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. 2009 ஜனவரியில் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது: பாகுபாட்டோடு கொடுக்கும் ஒவ்வொரு சம்பளத்திலும் காலக்கெடு புதிதாகத் தொடங்கும். லெட்பெட்டரின் சொந்த வழக்கு அதற்குள் முடிந்துபோயிருந்தது. புதிய சட்டத்தால் அவருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை.